மாதிரி ராக்கெட்டுக்கு வீட்டில் செய்யும் ஏவுபெட்டி: எதை எப்படி இணைப்பது பாதுகாப்பானது?

காங்கயம் இயற்பியல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காங்கயம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் அறிவியல் மன்றம் இதுவரை தண்ணீர் ராக்கெட்டுகளை மட்டுமே ஏவி வந்தது. கோவையிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர் குழு, தொழிற்சாலையில் செய்யப்பட்ட சிறிய கருமருந்து மோட்டார்களை உரிமம் உள்ள விற்பனையாளரிடம் உரிய அனுமதியோடு வாங்கியிருக்கிறது. அவற்றை வைத்து எங்கள் பிள்ளைகளுக்கு ஏவுதலைச் செய்து காட்டவும் அவர்கள் முன்வந்திருக்கிறார்கள். மோட்டாரும் ராக்கெட்டும் அவர்கள் பொறுப்பு. லாஞ்ச் கண்ட்ரோலர் எனப்படும் ஏவுபெட்டியை மட்டும் எங்கள் மாணவர்களே செய்யட்டும் என்று கேட்டுக்கொண்டுள்ளார்கள்.

மோட்டார்கள் ஏ முதல் சி வரையிலான வகையைச் சேர்ந்தவை (எழுத்து ஏற ஏற மோட்டாரின் சக்தியும் ஏறும்). மின்சாரத்தால் சூடாகி மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரின் மின்தடை சுமார் 0.7 ஓம் என்றும், அது நம்பகமாகப் பற்றிக்கொள்ள 2 ஆம்பியர் அளவு வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி, ஓர் அழைப்புமணி சுவிட்ச், 5 மீட்டர் மணி வயர், முனையில் இரண்டு முதலை கிளிப்புகள் என்று நான் ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். இது போதுமா, இதில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

விவாதம் தொடங்கும் முன் ஒரு வரம்பு. இந்த இழையில் ஏவுபெட்டியின் மின்சுற்றையும் ஏவும் ஒழுங்கையும் மட்டுமே பேசலாம். மோட்டாரையோ எரிபொருளையோ இக்னைட்டர் பூச்சையோ வீட்டில் செய்யும் முறைகளைப் பற்றிய பதிவுகள் நீக்கப்படும். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் உரிமமின்றி அவற்றைத் தயாரிப்பதைக் குற்றமாக்குகின்றன. அந்த உரிமங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. ஐயம் உள்ளவர்கள் அங்கே கேட்கலாம்.

கணபதி பேனல்போர்டு எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கோவை கணபதியில் மோட்டார் ஸ்டார்டர்களுக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் பேனல் கட்டுவது என் தொழில். உங்கள் வரைபடத்தில் மின்னோட்டம் போதுமா என்பதைப் பிறகு பார்க்கலாம். அதில் சாவி இல்லை என்பதுதான் என் முதல் கவலை. கிளிப்பை மாட்டுவதற்காக ஒருவர் ராக்கெட்டின் அடியில் குனிந்திருக்கும்போது, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பிள்ளையின் விரல் பட்டால் அங்கே மின்சாரம் போய்விடும். அவருக்கும் அந்த விரலுக்கும் நடுவில் வேறு தடை எதுவுமே இல்லை.

மாதிரி ராக்கெட்டுக்காக அமெரிக்கத் தேசியச் சங்கம் வகுத்த பாதுகாப்பு விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஏவும் சுவிட்சோடு தொடரிணைப்பில் ஒரு பாதுகாப்புப் பூட்டு இருக்க வேண்டும். ஏவும் சுவிட்சும் விரலை எடுத்தவுடன் தானாகவே அணைந்துவிடும் வகையாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் வேறு எதைச் சேர்த்தும் பயனில்லை. பூட்டுக்குச் சாவி சுவிட்ச் பொருத்தமானது. ஆனால் கடையில் வாங்கும்போது கையோடு ஒன்றைச் சோதித்து வாங்குங்கள்: சாவி, அணைந்த நிலையில் மட்டும்தான் கழன்று வர வேண்டும். இரு நிலையிலும் கழன்று வரும் மலிவுச் சாவி சுவிட்சுகள் கடைகளில் நிறைய இருக்கின்றன. அப்படிப்பட்டது நமக்கு வேண்டாம். சாவி என் பையில் இருக்கிறது, அதனால் பெட்டி செத்துக் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடிய வேண்டும்.

ஏவும் பொத்தானுக்கு அழைப்புமணி சுவிட்ச் வேண்டாம். தூசி புகுந்தால் அதன் பித்தளைத் தகடு ஒட்டிக்கொள்ளும். பேனலில் போடும் 22.5 மில்லிமீட்டர் துளைக்கான புஷ் பட்டன் வாங்கி, அதன் பின்னால் இரண்டு ‘நோ’ எலிமென்ட் (நார்மலி ஓப்பன், அதாவது அழுத்தினால் மட்டும் மூடும் தொடுமுனை) மாட்டி, இரண்டையும் தொடராக இணைத்துவிடுங்கள். ஒரு தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டாலும் மற்றொன்று திறந்துகொள்ளும். இரண்டாவது எலிமென்ட்டுக்கு ஆகும் செலவு ஒரு டீ, வடை அளவுதான்.

இனி பேட்டரி. 9 வோல்ட் சதுர பேட்டரியின் உள்தடை, புதிய ஆல்கலைன் வகையிலேயே ஒன்று முதல் இரண்டு ஓம் வரை இருக்கும். மெல்லிய மணி வயர் 5 மீட்டர் தொலைவுக்குப் போய் வர 10 மீட்டர் ஆகிறது, 0.2 சதுர மில்லிமீட்டர் கம்பியாக இருந்தால் அது மட்டுமே 0.86 ஓம். எல்லாவற்றையும் கூட்டினால் மின்னோட்டம் காகிதத்தில் 2 ஆம்பியரைச் சற்றே தாண்டும், ஆனால் சில முறை அழுத்தியதும் பேட்டரி தளர்ந்து கீழே போய்விடும். பலவீனமான மின்னோட்டத்தைச் சிலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இக்னைட்டர் அரைகுறையாகச் சூடாகி நின்றுவிட்டால், பற்றியதா இல்லையா என்று தெரியாமல் யாராவது அருகில் போய்ப் பார்க்க நேரிடும். அழுத்தினால் அந்தக் கணமே பற்ற வேண்டும். அழுத்தாவிட்டால் எந்தக் காரணத்தாலும் பற்றக் கூடாது. நடுவில் இன்னொரு நிலைக்கு இடம் கொடுக்காமல் கட்டுவதுதான் வேலை.

எனவே 12 வோல்ட் மூடிய லெட்-ஆசிட் பேட்டரி போடுங்கள். தோட்டத்தில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்கும் 7 அல்லது 8 ஆம்பியர்-மணி பேட்டரியே போதும். ஆனால் அது முனைகள் குறுக்காகத் தொட்டுக்கொண்டால் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டக்கூடியது, வயர் பழுத்துவிடும். அதனால் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். ஃப்யூஸைப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தால், பேட்டரிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள வயருக்குக் காவல் இல்லாமல் போகும்.

ஈரோடு மின்னணுவியல் எழுதியது:

நான் மின்னணுவியல் இறுதியாண்டு மாணவி. பேனல் அண்ணா சொன்னது பழைய முறை என்றாலும் உறுதியானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றைய தொழில்நுட்பத்தையும் காட்டலாமே. ஈ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை சிப் உள்ள ஒரு போர்டு, ஒரு ரிலே (மின்சமிக்ஞையால் இயங்கும் சுவிட்ச்) மாட்யூல், கைப்பேசியில் ஒரு செயலி. இவ்வளவு இருந்தால் வயரே இழுக்க வேண்டாம். எண்ணிக்கையும் திரையில் ஓடும், கடவுச்சொல்லும் வைக்கலாம். வயர் இல்லாததால் எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதும் ஒரு பாதுகாப்புதானே?

கணபதி பேனல்போர்டு எழுதியது:

அம்மணி, ஆர்வம் நல்லதுதான், ஆனால் இதை நான் ஏற்க மாட்டேன், காரணத்தையும் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்டர் போடாத தோட்டம் இருக்காது. கரண்ட் போய்த் திரும்பி வந்தவுடன் யாரும் தொடாமலேயே மோட்டார் ஓடத் தொடங்கும். அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். அதே காரணத்தால்தான் மோட்டாரில் கை வைக்கும் மெக்கானிக் முதலில் ஃப்யூஸ் கேரியரைக் கழற்றித் தன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். நீங்கள் சொல்லும் போர்டும் அந்த ஆட்டோ ஸ்டார்டரின் சாதிதான்.

அந்தச் சிப்பில் மின்சாரம் கொடுத்த முதல் நொடியில், உங்கள் நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, பல முனைகள் சற்று நேரம் தாமாக உயர்நிலைக்குப் போய்த் திரும்பும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ரிலே மாட்யூல்களில் பல, உள்ளீடு தாழ்நிலைக்கு வந்தால் ரிலேயை இழுக்கும் வகை. போர்டு விழிக்கும் நேரத்தில் எந்த முனை எந்த நிலையில் இருக்கும் என்பதைப் பொறுத்து ரிலே ஒரு ‘டக்’ சத்தம் போட்டால், விளக்கு மட்டும் மாட்டியிருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே அந்த ஒரு ‘டக்’ போதும், ராக்கெட் போய்விடும். பேட்டரி தளர்ந்து சிப் தானாக மறுதொடக்கம் ஆனாலும் இதே கதைதான்.

ஈரோடு மின்னணுவியல் எழுதியது:

தொடக்க நிலையின் சிக்கல் உண்மைதான், அண்ணா. தொடக்கத்தில் துள்ளாத முனையைத் தேர்ந்தெடுத்து, கீழிழுக்கும் மின்தடை ஒன்றைச் சேர்த்து, உயர்நிலையில் மட்டும் இயங்கும் ரிலேயைப் போட்டால் அதைத் தவிர்க்கலாம். ஆனாலும் நிரலில் ஒரு பிழை, ஒரு ரிலே ஒட்டிக்கொள்ளுதல், ஒரு தவறான சமிக்ஞை என்று தோல்விக்கான வழிகள் கூடிக்கொண்டே போகின்றன என்பதை ஏற்கிறேன். அப்படியானால் சிப்பைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? எண்ணிக்கையை ஒரு பெரிய எல்.இ.டி. பலகையில் ஓட்டும், காற்றின் வேகத்தைக் காட்டும், ஆனால் இக்னைட்டர் சுற்றோடு அதற்கு ஒரு வயர் தொடர்பும் இருக்காது.

கணபதி பேனல்போர்டு எழுதியது:

தாராளமாக. தனி பேட்டரியில் ஓடட்டும், தனிப் பெட்டியில் இருக்கட்டும்.

பல்லடம் பராமரிப்பு எழுதியது:

நூற்பாலையில் எலெக்ட்ரிகல் பராமரிப்பு பார்ப்பவன். இதுவரை பேசாத ஒன்றைச் சொல்கிறேன். கிளிப் சரியாகக் கடித்திருக்கிறதா, இக்னைட்டர் அறுந்திருக்கிறதா என்று பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு தொடர்ச்சி விளக்கு வேண்டும். இணையத்தில் உலவும் பழைய வரைபடங்களில் ஏவும் பொத்தானுக்குக் குறுக்கே ஒரு சிறிய குமிழ் விளக்கைப் போட்டிருப்பார்கள். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு வழியாகவும் இக்னைட்டர் வழியாகவும் மின்னோட்டம் போகும். விளக்கு எரிந்தால் சுற்று முழுமை.

இந்த முறையில் ஒளிந்திருக்கும் ஆபத்தைப் பாருங்கள். 12 வோல்ட் 5 வாட் குமிழ் என்றால் இக்னைட்டர் வழியாக 0.4 ஆம்பியர் ஓடும். குமிழ் குளிர்ந்திருக்கும் முதல் கணத்தில் இழையின் தடை மிகக் குறைவு என்பதால் இன்னும் பல மடங்கு ஓடும். சாதாரண நிக்ரோம் இக்னைட்டர் அதைத் தாங்கிவிடலாம். ஆனால் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே பற்றிக்கொள்ளும் நுண்ணுணர்வு வகைகளும் உண்டு. அவற்றை மாட்டிவிட்டுச் ‘சரிபார்க்கிறேன்’ என்று சாவியைத் திருப்பினால் ராக்கெட் ஏவப்பட்டுவிடும். இன்று நீங்கள் ஒரு வகை இக்னைட்டரைப் பயன்படுத்தலாம். அடுத்த ஆண்டு கல்லூரிக் குழு வேறு வகையைக் கொண்டுவந்தால் உங்கள் பெட்டிக்கு அது தெரியாது.

எனவே குமிழைத் தவிர்த்து, ஒரு எல்.இ.டி.யையும் 1000 ஓம் மின்தடையையும் தொடராக்கி, அந்தத் தொகுப்பைப் பொத்தானுக்குக் குறுக்கே போடுங்கள். எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 10 வோல்ட்டுக்கு 10 மில்லி ஆம்பியர் ஓடும். எல்.இ.டி. பழுதாகிக் குறுக்குச் சுற்றாக மாறினாலும் 12 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. இன்னும் மனம் ஒப்பாவிட்டால் 470 ஓம் ஒன்றும் 560 ஓம் ஒன்றுமாகப் பிரித்துத் தொடராகப் போடுங்கள். சாலிடர் துளி விழுந்து ஒன்று குறுக்கானாலும் மற்றொன்று காவல் நிற்கும். அப்போதும் மின்னோட்டம் 25 மில்லி ஆம்பியரைத் தாண்டாது.

அந்த எல்.இ.டி. எதைச் சொல்லாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு கிளிப்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டாலும், இரண்டுமே வெப்பம் தடுக்கும் இரும்புத் தகட்டில் பட்டுக்கொண்டாலும், அது நன்றாகவே எரியும். அந்நிலையில் பொத்தானை அழுத்தினால் ஃப்யூஸ் போகும், ராக்கெட் போகாது. ஆகவே இக்னைட்டரை மோட்டாருக்குள் செருகும் முன்பே மல்ட்டிமீட்டரில் அதன் தடையைப் பார்த்துவிட வேண்டும். கிளிப்பை மாட்டிய பின் இரண்டு கால்களும் விலகி நிற்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஏவலுக்குப் பின்னும் கிளிப்பின் பற்களில் கரி படியும்; உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடுத்ததற்கு மாட்டுங்கள்.

கோபி வாய்க்கால்கரை எழுதியது:

படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு சாதாரணக் கேள்வி. எங்கள் ஊர்க் கோயில் நோம்பிக்கு வாணம் விடுகிறவர்கள் திரியைக் கொளுத்திவிட்டு விலகிப் போய்விடுகிறார்கள். காலங்காலமாக நடக்கிறது. இவ்வளவு சாவியும் ஃப்யூஸும் எதற்கு? நீளமான திரி ஒன்று வைத்தால் ஆகாதா?

கோவைக் கல்லூரிக் குழு எழுதியது:

ஐயா, ஆசிரியரோடு பேசியது நாங்கள்தான். அதனால் இதற்கு நாங்களே பதில் சொல்கிறோம். திரியைக் கொளுத்திய பின் நிறுத்த வழியில்லை. திரி எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு குழந்தை மைதானத்துக்குள் ஓடிவந்தாலும், காற்று திடீரென்று திரும்பினாலும், ராக்கெட்டை நேராகப் பிடித்திருக்கும் ஏவுகம்பி சாய்ந்தாலும், நாம் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். மின்முறையில் கடைசி நொடி வரை விரலை எடுத்துவிடலாம். மேலும் திரி ஈரமானால் எரிந்து முடிந்ததா, உள்ளே புகைந்துகொண்டிருக்கிறதா என்பது வெளியே தெரியாது.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாறே இதைச் சுற்றித்தான் அமைந்தது. 1950களில் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் தன் சகோதரரோடு சேர்ந்து, ஒருமுறை மட்டும் பயன்படும் ஆயத்த மோட்டாரை வைத்து மாதிரி ராக்கெட் செய்தார். ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் அதை எடுத்துக்கொண்டு 1957இல் சங்கம் அமைத்து விதிகளை வகுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்த பிறகு, அங்கே இளைஞர்கள் வீட்டிலேயே குழாயில் மருந்தடைத்துக் கொளுத்திக் காயப்பட்டார்கள். ஆயத்த மோட்டார், மின்வழி ஏவல், விலகி நிற்கும் தூரம் என்ற மூன்றையும் விதியாக்கியதற்குப் பின்னணி அதுதான்.

கோபி வாய்க்கால்கரை எழுதியது:

சரிங்க தம்பி, விளங்குகிறது.

ஈரோடு மின்னணுவியல் எழுதியது:

இன்னொரு வடிவமைப்பையும் பரிசீலிக்கலாம் என்று நினைக்கிறேன். பேட்டரியை ஏவுமேடைக்கு அருகிலேயே வைத்து, அங்கே ஒரு 12 வோல்ட் வாகன ரிலேயைப் பொருத்தி, நம் கையிலுள்ள பெட்டியிலிருந்து ரிலேயின் சுருளுக்கு மட்டும் மெல்லிய வயர் இழுப்பது. சுருள் 150 மில்லி ஆம்பியர் அளவுதான் எடுக்கும் என்பதால் நீண்ட வயரில் ஏற்படும் மின்னழுத்த இழப்பு பொருட்டே இல்லை. இக்னைட்டருக்கு முழு மின்னோட்டமும் கிடைக்கும். சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் பொத்தானின் தொடுமுனையும் கருகாது. பெரிய ராக்கெட் ஏவுபவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

பல்லடம் பராமரிப்பு எழுதியது:

பெரிய மோட்டாருக்கு, நூறு மீட்டர் தள்ளி நிற்பவர்களுக்கு அது சரி. ஆனால் வாகன ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள், அம்மணி. சாவி உங்கள் பையில் இருக்கும். ஆனால் மேடையருகே இருக்கும் பேட்டரியிலிருந்து கிளிப்புக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அடுத்த ராக்கெட்டின் இக்னைட்டரில் கிளிப்பை மாட்டும் ஆளின் முகத்துக்கு நேரே அது கிளம்பும். சாவியைக் கையில் வைத்திருக்கும் நம்பிக்கையே அங்கே பொய்யாகிவிடும். ஆலையில் ஒட்டிக்கொண்ட கான்டாக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தொடராக இரண்டு ரிலே, கிளிப்பில் மின்சாரம் இருந்தால் கத்தும் பஸர், மேடையில் இன்னொரு துண்டிப்பு சுவிட்ச் என்று அடுக்கிக்கொண்டு போனால் சமாளிக்கலாம். பள்ளிக்கு அது தேவையில்லாத பாரம்.

கணபதி பேனல்போர்டு எழுதியது:

நானும் அதே கட்சிதான். ரிலேயை விட்டுவிட்டு வயரைத் தடிமனாக்குங்கள். டி மோட்டார் வரை 15 அடி, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 அடி விலகி நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. நாம் சிறிய மோட்டாருக்கும் 30 அடியே வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் கேபிள் போதும். காங்கயத்தில் போர்வெல் இல்லாத தோட்டம் ஏது? சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இறக்கிய தட்டைக் கேபிளில் மீந்த துண்டு எந்தக் கொட்டகையிலும் கிடக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் போய்வர 20 மீட்டருக்கு 0.15 ஓம்தான். இக்னைட்டர் 0.7, பேட்டரியும் தொடுமுனைகளும் சேர்த்து 0.1 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 0.95 ஓம், 12 வோல்ட்டில் 12 ஆம்பியருக்கு மேல். தேவையைப் போல ஆறு மடங்கு. அதே 10 மீட்டருக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால்கூட 8 ஆம்பியர் அளவுக்கு வரும் என்பதால், மீந்த துண்டு கிடைக்காவிட்டாலும் கவலையில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். கிணற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த கேபிளை எடுக்காதீர்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் சாலிடர் பிடிக்காது, தடையும் ஏறியிருக்கும். கேபிளின் மூன்று கோர்களில் (உள்கம்பிகளில்) நமக்கு வேண்டாத மூன்றாவதை இரு முனையிலும் வெட்டித் தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். ‘எதற்காவது ஆகும்’ என்று திறந்து வைத்த கோர் என்றாவது ஒரு நாள் பேட்டரியில் போய் உட்காரும்.

பெட்டி பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் போடுங்கள். பிள்ளைகள் யாராவது கால் தடுக்கி இழுத்தால் சாலிடர் இணைப்பு பிய்ந்து வேறெங்காவது தொடக் கூடாது.

கோவைக் கல்லூரிக் குழு எழுதியது:

சுற்று ஏறக்குறைய முடிவாகிவிட்டதால் நடைமுறையைப் பற்றி எழுதுகிறோம். முதலில் ராக்கெட்டே இல்லாமல் ஒத்திகை. கிளிப்பில் இக்னைட்டருக்குப் பதிலாகக் கார் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 21 வாட் குமிழை மாட்டுங்கள். எரியும்போது அதன் தடை 7 ஓம் அளவு இருந்தாலும், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குதான். அதாவது முதல் கணத்தில் அது கிட்டத்தட்ட ஓர் இக்னைட்டரைப் போலவே நடந்துகொள்ளும். சாவியைத் திருப்பினால் எல்.இ.டி. எரிய வேண்டும், குமிழ் எரியக் கூடாது. பொத்தானை அழுத்தினால் குமிழ் எரிய வேண்டும். விட்டவுடன் அணைய வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றைய நிகழ்ச்சியை ஒத்திவைக்க வேண்டும். பார்வையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்பதற்காகக் களத்தில் சாலிடரிங் அயர்னை எடுக்கக் கூடாது.

இந்தச் சோதனையை ஏவலுக்கு ஏவல், ராக்கெட்டை மேடையில் ஏற்றும் முன்பு, செய்கிறோம். முந்திய ஏவலுக்குப் பின் பொத்தான் மூடியபடியே நின்றுவிட்டதா என்பது இதில் தெரிந்துவிடும். இரண்டு எலிமென்ட் இருந்தாலும் அவற்றை அழுத்தும் தண்டு ஒன்றுதான். அது மண் புகுந்து உள்ளேயே சிக்கிக்கொண்டால் இரண்டும் மூடியபடியே நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. அதனால்தான் சாவியைத் திருப்பும்போதே ராக்கெட் கிளம்பிவிடலாம் என்று எண்ணிக்கொண்டு திருப்ப வேண்டும் என்கிறோம். எல்லோரும் எல்லைக் கயிற்றுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள், வானம் வெறிச்சோடியிருக்கிறது என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் சாவி துளைக்குள் போக வேண்டும். ஐந்திலிருந்து உரக்க எண்ணிய பின்னரே பொத்தான்.

கிளிப் மாட்டப் போகும் ஆள் ஒருவர் மட்டுமே. சாவி அவருடைய பையில்தான் இருக்கும்; பெட்டியருகே நிற்பவரிடம் இருக்காது. அவர் திரும்பி வந்து சாவியைக் கொடுத்தால்தான் ஏவல். ஏவுகம்பியின் முனை கண்ணைக் குத்தாதபடி அதற்கு ஒரு மூடியும் போட்டிருக்க வேண்டும். குனிந்து நிமிரும்போது நடக்கும் விபத்து அது.

அழுத்தியும் கிளம்பாவிட்டால், உடனே சாவியை எடுத்துவிட்டு, கடைசியாக அழுத்தியதிலிருந்து முழுதாக 60 நொடி யாரும் நகரக் கூடாது. இது சங்க விதியில் உள்ள கணக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள்; மனத்துக்குள் எண்ணினால் பதற்றத்தில் அறுபது, இருபதாகிவிடும்.

தாராபுரம் கொறங்காடு எழுதியது:

எங்கே வைத்து ஏவப் போகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே? காங்கயம் பக்கம் என்றவுடன் மேய்ச்சல் நிலமான கொறங்காடுதான் நினைவுக்கு வருகிறது. நாற்புறமும் கிளுவை வேலி, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், அகலமான திறந்த வெளி. பார்த்தால் இதற்கென்றே செய்த இடம்போல இருக்கும். ஆனால் கீழே கொழுக்கட்டைப் புல். மாசி, பங்குனியில் அது காய்ந்து கிடக்கும்போது ஒரு பொறி விழுந்தால் மாட்டுத் தீவனம் முழுதும் போய்விடும். ஏவுமேடையைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, மண் தெரியும்படி வட்டம் விட்டு, வாளிகளில் தண்ணீரும் ஈரச் சாக்கும் வைக்காமல் எந்தக் காட்டுக்காரரும் அனுமதி கொடுக்கக் கூடாது.

ஆடி மாதமும் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலையில் காற்றாலைகளைச் சுழற்றுவது அப்போதுதான். ராக்கெட் குடையை விரித்தால் அடுத்த ஊர் எல்லையில் போய்த்தான் பொறுக்க வேண்டும். ஐப்பசி மழை முடிந்து, புல் பச்சையாக இருக்கும் கார்த்திகை, மார்கழிக் காலையில் வைத்துக்கொண்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

கோவைக் கல்லூரிக் குழு எழுதியது:

அருமையான குறிப்பு, ஐயா. சங்க விதியும் மணிக்கு 20 மைலுக்கு, அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்கு, மேற்பட்ட காற்றில் ஏவக் கூடாது என்கிறது. சி மோட்டாருக்கு மைதானத்தின் குறுகிய பக்கம் 400 அடியாவது இருக்க வேண்டும். பி மோட்டாருக்கு 200 அடி, ஏ மோட்டாருக்கு 100 அடி. காடு சிறியதாக இருந்தால் மோட்டாரைச் சிறியதாக்கிக்கொள்வோம். காவல் நிலையத்திலும் வருவாய்த் துறையிலும் எழுத்தில் தெரிவிக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சூலூர் விமானப்படைத் தளமும் பீளமேட்டு விமான நிலையமும் இருக்கும் பக்கம் இதை நினைத்தே பார்க்கக் கூடாது என்பதால்தான் உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தோம்.

காங்கயம் இயற்பியல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் பழைய வரைபடத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்திருக்கிறேன். வரிசை சரியா என்று பாருங்கள். பேட்டரியின் நேர்முனை, ஒட்டினாற்போல் 15 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து சாவி சுவிட்ச், பிறகு தொடராக இரண்டு நோ எலிமென்ட் உள்ள பொத்தான், பிறகு கேபிளின் சிவப்புக் கோர், கிளிப், இக்னைட்டர், மறு கிளிப், நீலக் கோர் வழியாக பேட்டரியின் எதிர்முனை. பொத்தானின் இரண்டு எலிமென்ட்டுக்கும் சேர்த்துக் குறுக்கே எல்.இ.டி.யும் இரண்டு மின்தடைகளும். சாவிக்குப் பின் நேரடியாக எதிர்முனைக்கு ஒரு பஸர். சாவி திரும்பியிருக்கும் வரை அது கத்திக்கொண்டே இருக்கும், அதன் மின்னோட்டம் இக்னைட்டர் வழியாகப் போகாது.

இரண்டு ஐயங்கள் மீந்திருக்கின்றன. எங்கள் ஊர் வெயிலில் எல்.இ.டி. எரிகிறதா என்று தெரியாதே? சாவி சுவிட்சோடு இரண்டு சாவிகள் வருகின்றன. இரண்டாவதை என்ன செய்வது? இன்னொன்றும் கேட்கிறேன்: இதே பெட்டியைத் தண்ணீர் ராக்கெட்டுக்கும் பயன்படுத்த முடியுமா?

பல்லடம் பராமரிப்பு எழுதியது:

வரிசை சரி. எல்.இ.டி.யைப் பெட்டியின் முகப்பில் வைக்காமல், கறுப்பு பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றின் அடியில் அரை விரல் ஆழத்தில் வையுங்கள். மேலிருந்து எட்டிப் பார்த்தால் உச்சி வெயிலிலும் தெரியும். அதிக ஒளி தரும் வகையாகவும் வாங்குங்கள்.

கணபதி பேனல்போர்டு எழுதியது:

தண்ணீர் ராக்கெட்டுக்குத் தாராளமாக ஆகும். பூட்டை இழுத்து விடுவிக்கும் 12 வோல்ட் சொலினாய்டை (மின்காந்தச் சுருளை) கிளிப்பில் மாட்டினால் போதும். பொத்தானைக் காக்க சொலினாய்டுக்குக் குறுக்கே ஒரு டயோடு போட்டுவிடுங்கள், திசை மாறாமல் பார்த்து மாட்டுங்கள். சிறிய சொலினாய்டாக இருந்தால் எல்.இ.டி.யின் 10 மில்லி ஆம்பியரில் அது அசைகிறதா என்று காற்று அடைக்காமல் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் ஏறிய புட்டியும் அருகில் போகக் கூடாத பொருள்தான் என்பதால் சாவி ஒழுங்கு அதற்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாவது சாவியைத் தலைமையாசிரியர் அறையின் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். களத்துக்கு ஒரு சாவிதான் வர வேண்டும். அது தொலைந்தால் அன்றைக்கு ஏவல் இல்லை, ஐயா.